செவ்வாய், வியாழன், சனி

புது வருஷ ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது எங்கள் சபையில் வழக்கம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து, ஒருவருக்கொருவர் கை குலுக்கிவிட்டு, வரிசையாகப் போய்த் தட்டிலிருந்து ஆளுக்கொரு அட்டை எடுப்போம். 2022 பிறந்தபோது எனக்கு வந்தது 91-ஆம் சங்கீதத்தின் வசனம்: "பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது." அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோ கண்ணாடியில் ஒட்டினேன்.

மார்ச் மாதம் என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டது என்று சொன்னார்கள்.

அவர் கட்டிட மேஸ்திரி. காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்தவர் இல்லை. பிப்ரவரியில் காலில் வீக்கம் வந்தது. சாரத்தில் ஏறி இறங்குகிற வேலைதானே, நீர் கோத்திருக்கும் என்று வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து, நிரம்ப நேரம் எடுத்தது. அப்புறம் சாப்பாடு பிடிக்கவில்லை, ராத்திரி மூச்சு வாங்கியது. பாளையங்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ரத்த அழுத்தம் 190-க்கு மேல். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் 9.2, ஒன்றைச் சுற்றி இருக்க வேண்டியதாம். ரத்தக்கொதிப்பு பல வருஷமாகவே இருந்திருக்கிறது, வெளியே தெரியாமல் சிறுநீரகத்தை அரித்துவிட்டது என்றார் டாக்டர். அன்று சாயங்காலமே கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள்.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. "நீங்க எப்படிம்மா சந்தோஷமா ஸ்தோத்திரம் சொல்றீங்க?" என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அடிக்கடி கேட்கிறார்கள். நான் சந்தோஷமாக ஆரம்பிக்கவில்லை. ரொம்ப நாள் ஸ்தோத்திரமே சொல்லவில்லை. அது தெரியாமல் யாரும் என்னைப் பார்த்துத் தன்னைக் குறைவாக நினைத்துவிடக்கூடாது.

முதலில் எங்கள் வாரம் எப்படி மாறியது என்று சொல்ல வேண்டும். செவ்வாய், வியாழன், சனி. விடிகாலை ஐந்தே கால் பஸ். ஆறரைக்குப் படுக்கை, நான்கு மணி நேரம் மிஷின். நல்ல சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் செய்கிற வேலையை 12 மணி நேரத்தில் செய்ய வேண்டும். அதனால்தான் முடித்து வரும்போது ஆள் துவண்டுபோகிறார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் அடங்கியது. இல்லையென்றால் வீட்டை விற்றிருப்போம். ஆனால் பஸ், மருந்து, ஊசி, அவர் வேலைக்குப் போகாத கூலி, இதெல்லாம் நம் தலையில்தான். நான் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் டீச்சர். மகள் அப்போது ப்ளஸ் ஒன்.

சமையலறையும் மாறியது. வாழையும் தென்னையும் நிற்கிற ஊரில் வாழைப்பழமும் இளநீரும் கூடாது; பொட்டாசியம் ஏறினால் இருதயத்தைப் பாதிக்கும். காய்கறியைப் பொடியாக நறுக்கி, தண்ணீரில் ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளிக்க வேண்டும். உப்பு பேருக்குத்தான். எல்லாவற்றையும்விடக் கொடுமை தண்ணீர். சிறுநீர் போவது குறைந்துவிட்டதால் குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கும். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், அதில் காபியும் ரசமும் சேர்த்தி. காலையில் ஒரு பாட்டிலில் அளந்து வைப்பேன். சித்திரை வெயிலில் மத்தியானத்துக்குள்ளேயே அது தீர்ந்துபோன நாட்களில், பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு என் பங்குத் தண்ணீரை நான் அடுப்படிக்குள் போய்த்தான் குடிப்பேன்.

சபையார் அன்பாகத்தான் இருந்தார்கள். அரிசி கொடுத்தார்கள், காணிக்கை எடுத்தார்கள். உபதேசியார் வாரம் தவறாமல் வந்து ஜெபித்தார். ஆனால் சில வார்த்தைகள் இன்னும் உள்ளே கிடக்கின்றன. "அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கான்னு பாருங்க" என்று ஒரு அக்கா சொன்னார். பிறவிக்குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று இயேசுவே சொல்லிவிட்டார். அன்று அது எனக்கு ஞாபகம் வரவில்லை. ராத்திரியெல்லாம் என் வாழ்க்கையையும் அவர் வாழ்க்கையையும் புரட்டிப் புரட்டித் தேடினேன்.

அதைவிடப் பெரியது ஜூன் மாதம் நடந்தது. பக்கத்து ஊரில் மூன்று நாள் சுகமளிக்கும் கூட்டம். அங்கே வந்திருந்த ஊழியர் அவர் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, "சுகமாயிட்டீங்க. இனிமே மிஷினை நம்பினா கர்த்தரை நம்பலைன்னு அர்த்தம்" என்றார். என் கணவருக்கு அரை மனது. எனக்குத்தான் முழு மனது. கண்ணாடியில் ஒட்டிய வசனம் கண் முன்னால் இருக்கிறதே! சனிக்கிழமை போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் சாட்சி சொல்ல வேண்டும் என்றுகூட மனதில் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். திங்கட்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு அவரால் படுக்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்து, தண்ணீருக்குள் இருந்து தலை தூக்குகிற மாதிரி மூச்சை இழுத்தார். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜன் வைத்துக் கொண்டுபோய், அவசரமாக மிஷின் போட்டுத்தான் ஆளை மீட்டார்கள்.

டயாலிசிஸ் செய்கிற யாராவது இதைப் படித்தால் கெஞ்சிக் கேட்கிறேன். ஜெபியுங்கள், உபவாசியுங்கள், எண்ணெய் பூசச் சொல்லுங்கள். மிஷினை மட்டும் நிறுத்தாதீர்கள். கர்த்தர் சுகம் கொடுத்திருந்தால் அடுத்த ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும், டாக்டரே நிறுத்தச் சொல்லிவிடுவார்.

அன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பீரோ கண்ணாடியில் இருந்த அட்டையை நகத்தால் சுரண்டி எடுத்தேன். பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு இரண்டு மாதம் நான் ஜெபிக்கவில்லை. கோவிலுக்குப் போனேன், எல்லாரும் எழுந்து நின்று பாடும்போது நின்றேன், வாய் திறக்கவில்லை.

ஐயரம்மா, அதாவது எங்கள் போதகரின் மனைவி, அதைக் கவனித்திருக்கிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தார்கள். அறிவுரை சொல்வார்கள் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர்கள் பைபிளைத் திறந்து 88-ஆம் சங்கீதத்தை என்னிடம் நீட்டி, சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். இரவும் பகலும் கூப்பிடுகிறேன், என் ஆத்துமா துக்கத்தால் நிறைந்திருக்கிறது, ஏன் உம்முடைய முகத்தை எனக்கு மறைக்கிறீர் என்று போகிறது. மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியில் ஒரு "ஆனாலும்" வரும். ஆனாலும் உம்மைத் துதிப்பேன் என்று முடியும். இதில் அது வரவே இல்லை. சிநேகிதரும் தோழரும் விலகிப்போன இடத்திலேயே நின்றுவிடுகிறது. நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். "அவ்வளவுதான்மா, முடிஞ்சுபோச்சு" என்றார்கள். "இதையும் அவர் வேதத்துலதான் வச்சிருக்காரு."

எனக்கு அழுகை வந்தது. அத்தனை மாதத்தில் முதல் அழுகை அதுதான்.

அவர்கள் போன பிறகு மறுபடி வாசித்தேன். அந்த மனிதன் எவ்வளவு குறை சொன்னாலும் கர்த்தரைப் பார்த்தே சொல்கிறான். "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் எல்லாவற்றையும் கொட்டுகிறான். நான் இரண்டு மாதமாகச் சுவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி முற்றத்தில் நின்று அவரிடமே சொன்னேன். என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன், மரியாதையாகப் பேசவில்லை.

அடுத்து எனக்கு இருந்த பெரிய முள் ஒரே ஒரு வார்த்தை. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்கிறார். எல்லாவற்றிலேயும், சரி, முயற்சி செய்யலாம். ஆனால் எபேசியருக்கு எழுதும்போது "எல்லாவற்றிற்காகவும்" என்கிறார். என் புருஷனின் சிறுநீரகம் போனதற்காக நான் நன்றி சொல்ல வேண்டுமா? ஐயரம்மாவிடம் கேட்டேன். "எனக்கும் அது கஷ்டம்தான். உன்னால முடியறதுல ஆரம்பி" என்றார்கள். இன்றுவரை அந்த வியாதிக்காக நான் நன்றி சொன்னதில்லை. சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு. எனக்கு "எல்லாவற்றிலேயும்" என்ற வசனத்துக்குள் நிற்க மட்டும்தான் முடிகிறது.

ஆரம்பித்தது தினசரி காலண்டரில். காலையில் கிழிக்கிற தாளின் பின்பக்கம், ராத்திரி ஒரே ஒரு வரி எழுதுவேன். பொதுவாக "சுகம் பெலன் தந்தீர்" என்று எழுதக்கூடாது என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். அன்றைக்கு மட்டும் நடந்த ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு டப்பா நிறைய சேர்ந்திருக்கிறது. "ஒரே குத்தில் ஊசி ஏறியது." "கண்டக்டர் தன் சீட்டைக் கொடுத்தார்." "எடை இரண்டு கிலோதான் ஏறியிருந்தது." "பாப்பா அப்பாவைச் சிரிக்கவைத்தாள்." சில தாள்களில் "இன்று இல்லை" என்றும் இருக்கிறது. அதையும் தூக்கிப் போடவில்லை. முதல் மாதம் கடனே என்றுதான் எழுதினேன். எப்போது மாறியது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பகலில் ஏதாவது நடக்கும்போதே 'இதை எழுதணும்' என்று தோன்ற ஆரம்பித்தது.

டயாலிசிஸ் கடைசி ஒரு மணி நேரத்தில் சில நாள் அவருக்குக் காலைப் பிடித்து இழுக்கும். கெண்டைக்கால் கல் மாதிரி இறுகி, பெரிய ஆள் வாய்விட்டுக் கத்துவார். ஒரு வியாழக்கிழமை அப்படி இழுத்தபோது நான் பாதத்தை மேல்நோக்கி அழுத்திப் பிடித்திருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏட்டி, ஒரு பாட்டு பாடு" என்றார். ஆஸ்பத்திரி ஆயிற்றே என்று தயங்கி, மெதுவாகக் கீர்த்தனை ஒன்றைப் பாடினேன். நரம்பு விட்டு வலி குறைந்ததும் நிறுத்திவிட்டேன். பக்கத்துப் படுக்கையில் ஒரு பாய், வயதானவர். அவர் வீட்டம்மா திரும்பிப் பார்த்து, "நிறுத்தாதீங்கம்மா, அவுக கண்ண மூடிக் கேட்டுக்கிட்டிருந்தாக" என்றார்.

பிலிப்பி சிறைச்சாலை ஞாபகம் வந்தது. பவுலும் சீலாவும் பாடியதால் பூமி அதிர்ந்து கதவு திறந்தது என்றுதான் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். அன்று வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். அவர்கள் பாடும்போது கதவு மூடித்தான் இருந்தது. அடிபட்ட முதுகு, தொழுமரத்தில் மாட்டிய கால், நடுராத்திரி. பூமி அதிரும் என்று அவர்களுக்குத் தெரியாது. "காவலில் வைக்கப்பட்டவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்" என்று ஒரு வரி இருக்கிறது. அத்தனை வருஷமாக அந்த வரியைத் தாண்டி நிலநடுக்கத்துக்கு ஓடியிருக்கிறேன்.

2023-ல் நான் என் சிறுநீரகத்தைக் கொடுக்க முன்வந்தேன். மனைவி நெருங்கிய உறவு என்பதால் சட்டப்படி கொடுக்கலாம். ரத்த வகையும் பொருந்தியது. இதுதான் தேவ சித்தம், இதற்காகத்தான் எங்களைச் சேர்த்துவைத்தார் என்று உறுதியாக நம்பினேன். ஆறு வாரப் பரிசோதனைக்குப் பிறகு எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றைய தாளில் "இன்று இல்லை". மூன்று நாள் கழித்து வேறொரு தாளில், "என் சர்க்கரையை ஆரம்பத்திலேயே காட்டினீர்" என்று எழுதியிருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருக்கிறது.

இப்போது மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறுவதற்கான பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. அதற்காக எப்படி ஜெபிப்பது என்று எனக்கு வெகுநாள் தெரியவில்லை. சீக்கிரம் கொடும் என்று கேட்டால், எங்கோ ஒரு வீட்டில் சாவு விழ வேண்டும் என்று கேட்கிற மாதிரி இருந்தது. 2008-ல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்ற பையனின் உறுப்புகளை அவன் பெற்றோர் கொடுத்ததும், அந்தப் பையனின் இருதயம் சென்னைப் போக்குவரத்தை விலக்கிக்கொண்டு போனதும் நம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த அம்மாவை நினைத்தால் எனக்கு வாய் வராது. அதனால் தேதி சொல்லிக் கேட்பதை விட்டுவிட்டேன். "எங்கள் நாளை நீர் அறிவீர். அந்த வீட்டாரையும் இப்போதே தாங்கும்" என்று மட்டும் கேட்கிறேன். யாரென்றே தெரியாத ஒரு குடும்பத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

போன வருஷம் எங்கள் சபை அசனம், சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற விருந்து, ஒரு புதன்கிழமை வந்தது, மிஷின் இல்லாத நாள். முன்பெல்லாம் அண்டா தூக்குவது, அடுப்புக்கு விறகு தள்ளுவது எல்லாம் அவர்தான். இந்த முறை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பையன்களோடு சேர்ந்து பூண்டு உரித்தார். பந்தியில் இரண்டு வாய் சோறும் ஒரு துண்டு கறியும் மட்டும் சாப்பிட்டுவிட்டு, இலையை மூடாமல், கறிக்குழம்பு வாசனையை இழுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். "நல்லாருக்குட்டி" என்றார். அன்றைக்குத் தாளில் அதைத்தான் எழுதினேன்.

டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக, இடது மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் சேர்த்து அவருக்குப் பிஸ்டுலா வைத்திருக்கிறார்கள். அதன்மேல் விரலை வைத்தால் உள்ளே ரத்தம் ஓடுவது விர்ர்ர் என்று அதிரும், தேனீக்கூட்டுக்குப் பக்கத்தில் கை வைத்த மாதிரி. அது நின்றால் அடைத்துவிட்டது என்று அர்த்தம், உடனே ஓட வேண்டும். தினமும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு நான்தான் பார்ப்பேன். பெரும்பாலும் அவர் தூங்கியிருப்பார். இருட்டில் தடவி மணிக்கட்டைக் கண்டுபிடித்து இரண்டு விரலை வைப்பேன். ஒரு நொடி ஒன்றும் தெரியாது. அப்புறம் விர்ர்ர் என்று வரும்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்பேன். சில நாள் தூக்கத்திலேயே அவர் "ஆமென்" என்பார்.