வேதாரண்யம் வட்டம்: கடற்கரை மடங்கும் மூலை

நேராகத் தெற்கே இறங்கி வரும் சோழமண்டலக் கடற்கரை, கோடியக்கரையில் சட்டென்று மேற்கே மடங்குகிறது. அந்த மடிப்பில் இருப்பதுதான் நாகப்பட்டினம் மாவட்டத்தின் வேதாரண்யம் வட்டம். கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை.

திருத்துறைப்பூண்டியிலிருந்து பேருந்தில் வரும்போதே மண்ணின் நிறம் மாறுவது தெரிகிறது. வயல்களின் களிமண் போய் வெளுத்த மணல் வருகிறது. கடல் பின்வாங்கியபோது வரிவரியாக விட்டுப்போன மேடுகள் இவை. மழைநீர் மணலில் இறங்கித் தங்குவதால், கடல் இவ்வளவு அருகில் இருந்தும் மேட்டில் நல்ல தண்ணீர் ஊறுகிறது. ஆயக்காரன்புலம், கருப்பம்புலம் பக்கமெல்லாம் முல்லைக் கொல்லை, மாந்தோப்பு, தென்னந்தோப்பு. 2018 நவம்பர் 16 அன்று வந்த கஜா புயல் அந்தத் தோப்புகளைத்தான் சாய்த்துப் போட்டது. ஒரு தென்னை காய்க்க எத்தனை வருடம் ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த இழப்பைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

வேதாரண்யம் நகரில் மறைக்காட்டு நாதர் கோயில். வேதங்கள் பூசித்துத் திருக்காப்பிட்ட, அதாவது தாழிட்டுப் போன, கதவை அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி அடைத்தார் என்பது தலவரலாறு. அம்மன் பெயர் யாழைப்பழித்த மொழியாள். அவளுடைய குரல் இனிமைக்கு முன்னால் வீணை எதற்கு என்று, இங்குள்ள சரஸ்வதி கையில் வீணை இல்லை. எனக்கு மிகவும் பிடித்துப்போன சிற்பம் அதுதான்.

அப்புறம் அகஸ்தியம்பள்ளி. நான் போனது பங்குனி வெயிலில்; உப்பளங்களில் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பாத்தியில் தேங்கிய உப்புநீர் ஓரங்களில் முதலில் ஏடு கட்டுகிறது, பிறகு அடியில் உப்பு பூக்கிறது. நீண்ட கழியில் பலகை கட்டி, வெறுங்காலோடு நின்று இழுத்து வரப்பில் சேர்க்கிறார்கள். அந்த வெள்ளையில் ஐந்து நிமிடம்கூட என்னால் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியவில்லை. அவர்களுக்கு அதுதான் நாள் முழுக்க.

பிரிட்டிஷாரின் உப்புச் சட்டத்தை மீறுவதற்காக, 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கி, ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். வழியில் அவர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் அறிவித்திருந்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டிவிட்டுப் போனார்கள். உள்ளூரில் எல்லா ஏற்பாடுகளையும் தாங்கியவர் வேதரத்தினம் பிள்ளை. ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் உப்பு எடுத்த ராஜாஜி கைதானார். அங்கே நிற்கும் நினைவுத்தூணைப் பார்ப்பவர்கள், பக்கத்து உப்பளத்தையும் அவசியம் பார்க்க வேண்டும். இந்தத் தரை உப்பு விளைகிற தரை என்பதால்தான் அத்தனை பேர் இங்கே நடந்து வந்தார்கள்.

தெற்கே போனால் கோடியக்கரை. 1967-இல் சரணாலயமான காடு. பாலை மரங்களுக்கு இடையே புல்வெளியில் வெளிமான்கள் மேய்கின்றன. முறுக்கிய கொம்போடு கருத்த ஆண்மான் ஒன்று தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது. பழைய சோழர் கலங்கரை விளக்கத்தின் மிச்சம் 2004 சுனாமியில் போய்விட்டது.

கோடியக்கரைக்கு வரும் பூநாரைகளை (ஃபிளமிங்கோ) பார்க்க வேண்டுமானால் மார்கழி, தை மாதங்களில் வாருங்கள். உப்பு வாருவதைப் பார்க்க வெயில் காலம்தான் சரி. இரண்டும் ஒரே பயணத்தில் அமையாது. ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், முதலில் உப்பளம் என்பேன்.