கழிமுகச் சேற்றில் புழு பிரிக்கும் வேலை

கடலோரச் சேற்றில் வாழும் புழுக்களைப் பிரித்து, எண்ணி, பெயர் எழுதுவது என் வேலை. ஒரு துறைமுகமோ இறால் பண்ணையோ அனல்மின் நிலையமோ வருவதற்கு முன்னும் வந்த பின்னும் கடலடி எப்படி இருக்கிறது என்று அறிக்கை தயாரிப்பார்கள். அதன் பின்னிணைப்பில் சில பக்கங்களுக்கு லத்தீன் பெயர்களாக வரும். அவை எங்கள் மேசையிலிருந்து போகிறவை. அந்தப் பக்கங்களைப் புரட்டுகிறவர்கள் குறைவு. ஆனால் அங்கே இருக்கும் பெயர்களை வைத்துத்தான் 'கடலடி நலமாக உள்ளது' என்றோ 'கெட்டுவிட்டது' என்றோ முதல் பக்கத்தில் எழுதுகிறார்கள். ஐரோப்பாவில் உருவாகி இப்போது இங்கும் புழங்கும் ஒரு கணக்கு முறையில், மாசைத் தாங்கும் திறனைப் பார்த்து ஒவ்வோர் இனத்தையும் ஐந்து குழுக்களில் ஒன்றில் போடுவார்கள். பெயர் மாறினால் குழு மாறும், குழு மாறினால் முடிவும் மாறிவிடும்.

காவிரி டெல்டாவுக்குக் கரை இரண்டு விதம். கொள்ளிடம் கடலில் சேரும் இடத்திலிருந்து பூம்புகார், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் என்று கோடியக்கரை வரை அலையடிக்கும் மணல். கோடியக்கரையில் கரை மேற்கே திரும்பிய பிறகு முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் பாக் நீரிணை. ஆழமில்லை, அலையில்லை, காலை வைத்தால் முழங்கால் வரை இறங்கும் சேறு. பாமணியாறும் கோரையாறும் டெல்டாவின் வடிகாலைச் சுமந்துகொண்டு முத்துப்பேட்டை லகூனில்தான் விழுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் அந்தத் தண்ணீரில் உப்பே தெரியாத நாட்கள் உண்டு. சித்திரை, வைகாசியில் அதே இடம் கடலைவிடக் கரிக்கும். இந்த இரண்டையும் தாங்கிக்கொண்டு ஒரே சேற்றில் இருக்கிற புழுவும் உண்டு. மழைக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று என்று ஆள் மாறுவதும் உண்டு. ஆற்று வாய்ப் பக்கம் மழை முடிந்து எடுக்கும் மாதிரியில் நமாலிகாஸ்டிஸ் என்ற புழு நிறைய வரும். உப்புக் குறைந்த இடம் அதற்குப் பிடிக்கும். ஒரே ஒரு பருவத்தில் மாதிரி எடுத்து ஆண்டு முழுவதற்கும் அறிக்கை எழுதுவது சரியில்லை என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம்.

படகிலிருந்து கிராப் என்ற இரும்புக் கவ்வியை இறக்கிச் சேற்றை அள்ளி, அரை மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் கொட்டி, தண்ணீர் விட்டு அலச வேண்டும். வேகமாக ஊற்றினால் புழு அறுந்துபோகும். ஸ்பையோனிட் குடும்பத்துப் புழுக்களுக்குத் தலையில் நீளமாக இரண்டு உணர்கொம்புகள் உண்டு. அலசும்போது முதலில் உதிர்வது அதுதான். கொம்பு போன தலையை வைத்துக்கொண்டு ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பது பெரும்பாடு. அதனால் சல்லடை பிடிக்கிற வேலையை நான் யாரிடமும் விடுவதில்லை.

ஆய்வகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது நீரிஸ் குடும்பம். மெக்னீசியம் குளோரைடு கரைசலில் போட்டுத் தளர்த்தி, தலைக்குப் பின்னால் இடுக்கியால் மெல்ல அழுத்தினால், உள்ளே மடிந்திருக்கும் தொண்டை கையுறையின் விரல் வெளிவருவதுபோல் புரண்டு வரும். நுனியில் கறுத்து வளைந்த இரண்டு தாடைகள். தொண்டையைச் சுற்றிலும் பழுப்புப் புள்ளிகளாகச் சின்னச் சின்னப் பற்கள். அந்தப் பரப்பை எட்டுப் பகுதிகளாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். எந்தப் பகுதியில் எத்தனை பல், கூம்பா பட்டையா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஆறாம் பகுதியில் பட்டை வடிவப் பல் இருந்தால் அது பெரினீரிஸ் என்ற புழு. பல்லே இல்லாமல் வெறுமையாக இருந்தால் நமாலிகாஸ்டிஸாக இருக்கலாம். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒரே சிவந்த நூல்தான்.

புழு என்று நாம் சொல்வது ஒரு கூட்டமே அல்ல. லின்னேயஸ் 1758-இல் எலும்பில்லாத, பூச்சியும் அல்லாத எல்லாவற்றையும் 'புழுக்கள்' என்ற ஒரே பெயரில் குவித்து வைத்தார். சிப்பி, நத்தைகூட அதில்தான். கஜா புயலில் சாய்ந்த அலையாத்தி மரங்களை அடுத்த ஆண்டு உடைத்துப் பார்த்தோம். உள்ளே விரல் பருமனில் துளை துளையாக இருந்தது. "புழு அரிச்சிருக்கு தம்பி" என்றார் படகோட்டி. கப்பல் புழு என்றுதான் புத்தகத்திலும் பெயர். ஆனால் அது மரம் தின்னும் ஒரு சிப்பி. நாடாப்புழு, உருளைப்புழு, அம்புப்புழு எல்லாம் ஒன்றுக்கொன்று உறவில்லாத தனித்தனி வம்சங்கள். நம் சல்லடையில் அதிகம் தங்குவது வளையம் வளையமாக உடல் கொண்ட பாலிகீட்டுகள். உலகில் பெயரிடப்பட்டவை மட்டும் பத்தாயிரத்துக்கு மேல்.

அவற்றுக்குள்ளும் வகைப்பாடு நின்ற இடத்தில் நிற்கவில்லை. அலைந்து திரிபவை, குழாயில் தங்குபவை என்று 19-ஆம் நூற்றாண்டில் இரண்டாகப் பிரித்தார்கள். பிறகு அது செயற்கையான பிரிவு என்று கைவிட்டார்கள். 2011-இல் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்த இரண்டும் கொஞ்சம் உருமாறித் திரும்பி வந்தன. வயலில் நாம் மிதிக்கும் மண்புழுவும், நடவில் காலைக் கவ்வும் அட்டையும் தங்குபவை என்ற கிளைக்குள்ளேயே அடங்கின. திருத்துறைப்பூண்டி வயல் சேற்றிலும் முத்துப்பேட்டை லகூன் சேற்றிலும் இருப்பவற்றில் பல ஒரே கிளை என்று படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

இப்போது பெயர் விஷயத்துக்கு வருகிறேன். இந்தியக் கடல் பாலிகீட்டுகளுக்கு நாங்கள் இன்றும் புரட்டுவது பிரெஞ்சுக்காரர் பியர் ஃபோவேல் 1953-இல் கொடுத்த தொகுதி. அவ்வளவு பெரிய உழைப்புக்கு நான் தினமும் கடன்பட்டவன். ஆனால் உலகம் முழுக்க ஒரே இனம் பரவியிருக்கும் என்று நம்பிய காலத்தில் எழுதப்பட்டது அது. மார்பைசா சாங்குவினியா என்று நம் கழிமுகப் பட்டியல்களில் நிறைய இடத்தில் வரும். அந்தப் பெயருக்குரிய முதல் புழு இங்கிலாந்தின் தென்கரையில் எடுத்தது. 2003-இல் அதை மறுபடி விவரித்தவர்கள், வேறு கடல்களில் அதே பெயரில் எழுதப்பட்டவை பெரும்பாலும் வேறு இனங்களாக இருக்கும் என்று காட்டினார்கள். கேப்பிடெல்லா கேப்பிடேட்டா கதை இன்னும் கடினம். அது 1780-இல் கிரீன்லாந்துப் புழுவுக்கு வைத்த பெயர். சாக்கடை கலக்கும் இடத்தில் பெருகும் புழு என்று அதற்குப் பெயர் போனது. ஒரே இனம் என்று நினைத்ததற்குள் ஆறு இனங்கள் இருப்பதை 1976-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். பனிக்கடல் புழுவின் பெயரை நாகப்பட்டினத்துப் புழுவுக்கு எழுதினால், அதன் குணத்தையும் சேர்த்தே இதன் தலையில் ஏற்றுகிறோம்.

இதைச் சொல்லி, பேரினம் வரை மட்டும், அதாவது லத்தீன் பெயரின் முதல் சொல்லை மட்டும் எழுதி நிறுத்தினால் அலுவலகங்களில் பிடிப்பதில்லை. முன்பு நான் இருந்த ஓர் இடத்தில், பட்டியலில் முழுப் பெயர் குறைவாக இருந்தால் வேலை அரைகுறை என்று அறிக்கை கேட்டவர் நினைப்பார் என்றார்கள். புத்தகத்தில் கிட்டத்தட்டப் பொருந்தும் பெயரைப் போட்டுவிடச் சொன்னார்கள். நான் போடவில்லை, சில மாதங்களில் அங்கிருந்து வெளியே வந்துவிட்டேன். உறுதியாகத் தெரிந்த பேரினம், ஊகித்த இனப்பெயரைவிட அதிகம் சொல்கிறது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

இந்தப் புழுக்களை நம்பி எத்தனை வாய்கள் இருக்கின்றன என்று பார்த்தால் பெயரின் அவசியம் புரியும். கிழங்கான் மீனின் வயிற்றை அறுத்தால் பாலிகீட் இருக்கும். கோடியக்கரைக்கு வலசை வரும் உள்ளான்கள் சேற்றில் அலகு விட்டுத் துழாவுவதில் பெரும்பங்கு இவற்றுக்காக. இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் தாய் இறாலுக்குச் சினை பிடிக்க இதுதான் தீனி. அதற்காகக் கழிமுகங்களில் சேற்றைக் கிளறிப் பிடிக்கிறார்கள். இறாலைத் தாக்கும் வெண்புள்ளி நோய்க் கிருமியை இந்தப் புழு சுமந்து வரும் என்பதும் தெரிந்த செய்தி. எந்த இனம் எவ்வளவு போகிறது, எது எந்த மாதம் முட்டையிடுகிறது என்று கேட்டால், பெயரே சரியில்லாதபோது எந்தக் கணக்கை வைத்துப் பதில் சொல்வது? படகோட்டிக்கு இதில் என்னைவிடத் தெளிவு உண்டு. சிப்பித் துண்டுகளை ஒட்டிச் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் டயோபாட்ரா புழுவின் குழாய்களைக் கண்டால், "இந்தக் குழா நிக்கிற எடத்துல கிழங்கான் மேயும், வலைய இங்க வைக்கலாம்" என்பார்.

இப்போதைய இடத்தில் ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரிக்கிறோம். உருவம் பார்க்க ஒன்று ஃபார்மலினில், மரபணு எடுக்க ஒன்று சாராயத்தில். ஃபார்மலினில் ஊறியதில் மரபணு சரியாகக் கிடைக்காது. எடுத்த இடம், நாள், ஆழம், உப்பு அளவு எல்லாம் பென்சிலால் எழுதிச் சீசாவுக்குள்ளேயே போட்டு வைக்கிறோம், நாளை வேறொருவர் என் பெயரைத் திருத்துவதற்கு வசதியாக. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நீரிஸ் குடும்பத்திலிருந்து தொடங்குகிறேன். தாடை கண்ணுக்குத் தெரிவதால் ஆர்வம் வந்துவிடுகிறது. அடுத்து கேப்பிடெல்லாவின் குடும்பமான கேப்பிடெல்லிட். அதற்குத் தலையில் கொம்பும் இல்லை, கண்ணில் படுகிற தாடையும் இல்லை. எத்தனையாவது உடல் வளையத்தில் முள்மயிரின் வடிவம் மாறுகிறது என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போக வேண்டும். பிள்ளைகள் பாதியில் எழுந்து போகப் பார்ப்பது அங்கேதான். அதனால் அந்த வாரம் முழுக்க நானும் பக்கத்து நுண்ணோக்கியில் உட்கார்ந்து கூடவே எண்ணுகிறேன்.