மாதம் முடியட்டும்

கோவைப் பக்கம் உலோகத்தை உருக்கி வார்க்கிற ஒரு பவுண்டரியில் பதினோரு வருடம் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தேன். உருக்குகிற பர்னஸ், அச்சு செய்கிற மோல்டிங், வார்ப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்கிற பெட்லிங் எல்லாவற்றிலும் ஆண்கள்தான். வருடத்துக்கு ஒருமுறை மெடிக்கல் செக்கப் நடக்கும். பெயரைக் கொடுத்துவிட்டு டீக்கடைப் பக்கம் நழுவுகிறவர்களை விரட்டிப் பிடிப்பது என் வேலை.

ஒரு வருடம் மோல்டிங்கில் மூத்தவரான அண்ணனைப் பிடித்து உட்காரவைத்தேன். "எனக்கென்னங்க, கல்லாட்டம் இருக்கறேன்" என்று கையை நீட்டினார். நர்ஸ் ஒரு கையில் பிரஷர் பார்த்தார், மறு கையில் பார்த்தார், பத்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தார். 190/110. 140/90 வந்தாலே கவனிக்க வேண்டும் என்பார்கள். இன்றைக்கே இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதினார். அண்ணன் அதை நாலாக மடித்து, பீடிக்கட்டு இருந்த பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

நாலு நாள் கழித்துக் கேட்டேன். "மாசம் முடியட்டுங்க" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒருநாள் லீவு போட்டால் அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸ் மொத்தமும் போய்விடும். 1,200 ரூபாய். இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவி உண்டுதான், ஆனால் சம்பளத்தில் 70 சதவீதம்தான் கிடைக்கும், முதல் இரண்டு நாளுக்கு அதுவும் இல்லை. இந்தக் கணக்கு அங்கே எல்லாருக்கும் மனப்பாடம். ஆம்பளைங்க உடம்பைப் பார்த்துக்கொள்வதில்லை என்று நான்தான் விவரம் தெரியாமல் புலம்பிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்தால் அரைநாளுக்கு போனஸ் பிடிக்கக்கூடாது என்று மேனேஜரிடம் கேட்டேன். "எல்லாரும் சீட்டோட வந்து நிப்பாங்க" என்றார், ஆனாலும் ஒத்துக்கொண்டார். இரண்டு மூன்று பேர் நின்றார்கள்தான், மறைக்கவில்லை. ஆனால் அடுத்த இரண்டு மாதத்தில் பதினாலு பேர் டாக்டரிடம் போனார்கள். நாலு பேருக்குச் சர்க்கரை இருந்தது, அதுவரை அவர்களுக்கே தெரியாது.

மனசு விஷயம் வேறு மாதிரி. பிரஷர் என்றால் சொல்லிவிடுவார்கள். தூக்கம் வரவில்லை, கடன்காரன் வீட்டு வாசலில் நிற்கிறான் என்பதெல்லாம் வாயில் வராது. 2022இல் நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அந்த வருட அக்டோபரில்தான் டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் தொடங்கியது. 14416க்கு இலவசமாகப் பேசலாம். நம்பரை நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். ஒருத்தரும் பக்கத்தில் போய் நின்று படிக்கவில்லை. படிப்பதை நாலு பேர் பார்ப்பார்களே! அப்புறம் கழிப்பறைக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டினேன். யார் பேசினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. ஒருநாள் அந்தத் தாளின் ஓரம் நம்பரோடு சேர்த்துக் கிழிக்கப்பட்டிருந்தது. வேறு தாள் ஒட்டினேன்.

அண்ணன் மாத்திரைக்கு வந்துவிட்டார். பீடியை விட்டாரா என்றால், என் கண்ணில் படாமல் குடிக்கப் பழகிக்கொண்டார். பர்னஸ் சூட்டுக்குக் கேன்டீனில் தரும் மோரில் உப்பைக் கொட்டியிருப்பார்கள். வேர்த்து ஊற்றுகிறவர்களுக்கு அது சரி, அவருக்கு ஆகாது. அவருக்காக ஒரு ஜக்கில் உப்பில்லாத மோர் தனியாக வைக்கச் சொன்னேன். நான் வேலையை விட்டு வரும்போது அந்த ஜக்கு பத்து மணிக்கே காலியாகிக்கொண்டிருந்தது.