கராஜ் கௌரி விரதம்

எங்கள் வீட்டில் நவம்பர் முதல் ஞாயிறு கராஜ் கதவுக்குரியது. குளிர்கால நேரத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்துவிட்டு, ஒரு கையில் பிளேன்ரீயும் மறுகையில் பழைய சாரத்தில் கிழித்த துண்டுமாகக் கீழே இறங்கிவிடுவேன். "கேதார கௌரி முடிஞ்சுது, இனி இவருக்குக் கராஜ் கௌரி" என்று மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

இந்த விரதம் பிடிக்கத் தொடங்கியது 2019 ஜனவரிக்குப் பிறகு. கனடாவில் நாங்கள் இருக்கும் மார்க்கம் நகரில் மைனஸ் 20க்கும் கீழே இறங்கிய ஒரு விடியற்காலை, ஐந்து மணியிருக்கும். கராஜுக்குள் டமார் என்று ஒரு சத்தம். சுவர் அதிர்ந்தது. அம்மாவின் அறை கராஜுக்கு நேர் மேலே. ஓடிப்போய்ப் பார்த்தால் போர்வைக்குள் இருந்து கண்ணைத் திறக்காமலே, "தகரத்திலை தேங்காய் விழுந்திட்டுது தம்பி, விடிய எடுக்கலாம், போய்ப் படு" என்றார்.

விடிந்தது. வேலைக்குப் புறப்பட்டுச் சுவிட்சை அமத்தினால் மோட்டர் முனகுகிறது, கதவு ஒரு சாண் எழும்பி நிற்கிறது. அண்ணாந்து பார்த்தேன். கதவுக்கு மேலே குறுக்கே ஓடும் தண்டில் இரண்டு ஸ்பிரிங் சுற்றியிருக்கும். அதில் ஒன்று நடுவில் அறுந்து, இரண்டு விரல் இடைவெளி விட்டு நின்றது. கார் உள்ளே. பஸ் நிறுத்தத்துக்குப் பதினைந்து நிமிட நடை. அந்தக் குளிரில் அந்த நடையை நான் மறக்கவில்லை.

பின்னேரம் திருத்த வந்தவர் ஒரு வவுனியாத் தம்பி. ஏணியில் ஏற முதலே கேட்டார்: "அண்ணை, இந்தக் கதவைத் தூக்கிறது மோட்டர் எண்டோ நினைச்சுக்கொண்டிருந்தனீங்கள்?"

அப்படித்தான் நினைத்திருந்தேன். இரண்டு கார் விடுகிற, பதினாறு அடி அகலக் கதவு. நூற்றைம்பது, இருநூறு இறாத்தல் இருக்கும். அந்தப் பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங்தான். மோட்டர் சும்மா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிற ஆள். சாதாரண ஸ்பிரிங் ஒன்றைப் பத்தாயிரம் தடவை திறந்து மூடுவதற்கென்று கணக்கு வைத்துத்தான் செய்கிறார்கள். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தது 2013 கோடையில். என் வேலை, மனைவியின் வேலை, மகளின் பள்ளிக்கூடம், கோயில், கடை என்று ஒரு நாளைக்கு ஐந்து தடவையாவது கதவு திறபடும். ஐந்தரை வருசத்தை மனதில் பெருக்கிப் பார்த்தேன். பத்தாயிரத்துக்கு முப்பதோ நாற்பதோ கூட. களைத்துப்போன இரும்புக்குக் குளிர் கடைசி அடியைக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டையும் மாற்றினார். ஒன்று போதாதா என்று இழுத்துப் பார்த்தேன். "மற்றதுக்கும் அதே வயசுதானே அண்ணை." அதற்குமேல் என்ன கதைப்பது? இரண்டு இரும்புக் கம்பிகளை ஸ்பிரிங்கின் நுனியில் இருக்கும் கூம்பின் துளைகளில் மாறி மாறிச் செருகி, கால் சுற்றுக் கால் சுற்றாக அவர் முறுக்கியபோது என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். கம்பி கைதவறினால் தாடை போய்விடும். யூரியூப்பைப் பார்த்து இதை வீட்டில் செய்கிறேன் என்று வெளிக்கிடும் நண்பர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஸ்பிரிங்கிலும், கதவின் அடிமூலையில், கதவைத் தூக்கும் கேபிளைப் பிடித்திருக்கும் தகட்டிலும் கை வைக்காதீர்கள். மற்றதெல்லாம் நாங்களே செய்யலாம்.

போக முதல் அவர் ஒன்றைக் காட்டித் தந்தார். கதவை மூடிவைத்து, மோட்டரில் தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்தால் கதவு மோட்டரிலிருந்து கழன்றுவிடும். பிறகு கையால் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, மெல்ல விட்டுப் பார்க்க வேண்டும். அப்படியே நின்றால் ஸ்பிரிங் சுகம். கீழே வழுகினால் களைத்துவிட்டது. மோட்டர் பூட்டியிருக்கும்வரை இது வெளியே தெரியாது. அது பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து வருத்தத்தை மறைத்துவிடும். கதவு இறுகினால் சிலர் மோட்டரின் விசையைக் கூட்டிவைப்பார்கள். காய்ச்சலோடு இருக்கிற பிள்ளைக்குப் பனடோலைக் கொடுத்துப் பள்ளிக்கூடம் அனுப்புகிற வேலை அது.

எண்ணெய் விடுவதிலும் நான் பிழையாகத்தான் இருந்தேன். சத்தம் கேட்கிற இடமெல்லாம் டபிள்யூடி-40 அடித்துக்கொண்டிருந்தேன். சாதாரண நீலக் குப்பி இறுகியதை இளக்கும், ஊத்தையைக் கழற்றும். நிலைத்து நின்று எண்ணெய்த்தன்மை கொடுக்காது. இப்போது வெள்ளை லிதியம் கிறீஸ் ஸ்பிரே. பிணைச்சல்களுக்கு ஒவ்வொரு சொட்டு, ரோலரின் அச்சுக்குள் கொஞ்சம், ஸ்பிரிங்கின் மேலே மெல்லிசாக. ரோலர் ஓடும் ட்ராக்குக்குள் மட்டும் ஒன்றும் அடிப்பதில்லை. அங்கே கிறீஸ் இருந்தால் தூசி ஒட்டி, குளிரில் களியாகிவிடும். துணியால் துடைத்தால் போதும்.

எங்கள் ட்ராக்கைத் துடைத்தால் துணியில் வருவது வெறும் தூசியல்ல. மஞ்சளும் கறுப்புமாக ஒரு பிசின். மூக்கருகே கொண்டுபோனால் சூடைமீன் மணக்கும்! ரொறன்ரோப் பக்கத்துத் தமிழ் வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வீட்டுக்குள் மணம் நிற்கக்கூடாது என்று மின்னடுப்பைக் கராஜில் வைத்து, கதவை ஒரு அடி திறந்துவிட்டு மீன் பொரிப்போம். பொரித்த புகை வேறெங்கே போகும்? போன மார்கழியில் கதவு மூடமாட்டேன் என்று அடம்பிடித்தது. பாதி வந்து திரும்ப மேலே போகும், மோட்டர் விளக்கு கண்சிமிட்டும். நிலத்திலிருந்து அரை அடி உயரத்தில், இருபக்கமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் சென்சர்க் கண்களில் ஒன்றில் எண்ணெய் ஆடை படர்ந்திருந்தது. விரலால் வழித்தால் நெய்மாதிரி வந்தது. துணியை நனைத்துத் துடைத்ததும் கதவு சமத்தாக மூடியது. கதவுக்குக் கீழே யாரும் நிற்கும்போது அது இறங்காமல் காப்பது அந்தக் கண்கள்தான். எதிலும் முட்டினால் திரும்புவது மோட்டரின் பொறுப்பு, ஆகவே துடைத்த பிறகு ஒரு பலகைத் துண்டைக் கீழே படுக்கவைத்து, கதவு முட்டித் திரும்புகிறதா என்றும் பார்த்துவிடுவேன்.

கதவின் அடி விளிம்பில் ஓடும் றப்பர்தான் இன்னொரு தலையிடி. பகலில் உருகும் ஸ்னோத் தண்ணீர் றப்பருக்குக் கீழே போய் இரவில் உறைந்துவிடும். ஒருமுறை அவசரத்தில் இரண்டு மூன்று தரம் சுவிட்சை அமத்தினேன். கதவு போனது, றப்பரில் ஒரு முழம் நிலத்தோடு நின்றுவிட்டது. சுடுதண்ணீர் ஊற்றினால் அதுவும் சேர்ந்து உறையும். தலைமுடி காயவைக்கும் மெஷினும் பிளாஸ்டிக் சுரண்டியும் பொறுமையும் இருந்தால் கழன்றுவிடும். அதைவிட, குளிர் வர முதலே றப்பரைக் கழுவிக் காயவைத்து சிலிக்கன் ஸ்பிரே பூசிவிட்டால் ஒட்டுவது குறைவு. அந்த இடத்தில் உப்புப் போடுவதில்லை. அது கதவின் அடித் தகட்டையும் கேபிளையும் தின்னும்.

நேற்று எல்லாம் முடித்து, கடைசியாகச் சிவப்புக் கயிற்றை இழுத்தேன். கதவை இடுப்புவரை தூக்கி விட்டேன். ஒரு கணம் நின்றது. பிறகு, சாய்மனைக் கதிரையில் நித்திரை தூங்குகிறவரின் தலைமாதிரி, மெல்ல மெல்ல இறங்கி முழங்காலுக்கு வந்துவிட்டது.

அந்த வவுனியாத் தம்பிக்குப் போன் அடித்தேன். "இந்த முறை உடைய முதலே எடுத்திட்டியள்" என்று சிரித்தார். வியாழக்கிழமை வருகிறார். இருபத்தையாயிரம் தடவை தாங்கும் ஸ்பிரிங்கும் இருக்கிறது, கொஞ்சம் கூடக் காசு, போடவோ என்று கேட்டார். ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு விரல்விட்டு எண்ணினேன். மகள் செப்டெம்பரில் வோட்டர்லூவுக்குப் படிக்கப் போய்விட்டாள். மனைவிக்கு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. எப்படிக் கூட்டினாலும் ஒரு நாளைக்கு மூன்று தடவைக்கு மேல் வரவில்லை. பத்தாயிரம் என்றாலே ஒன்பது வருசம் ஓடும்.

சாதாரணத்தையே கொண்டுவரச் சொன்னேன்.