ஒரே குழல், எந்த சோக்?

அமெரிக்காவில் வாத்து வேட்டைக்கு செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன் வாங்குகிற பலரும் முதலில் தேடுவது ஃபுல் சோக்கைத்தான். சோக் என்றால் ரவை எவ்வளவு பரவும் என்பதை முடிவு செய்ய குழல் முனையில் திருகும் குறுகலான ட்யூப்; ஃபுல் என்பது நன்றாகக் குறுகியது. ஈய ரவை என்றால் சரி, 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் ஏறக்குறைய 70 சதவீதம் விழும். ஆனால் நீர்ப்பறவைகளுக்கு 1991 முதல் நாடு முழுக்க ஈயம் தடை, எஃகு ரவையோ கடினம், குழலுக்குள் நசுங்காது, அதனால் தானாகவே நெருக்கமாகப் போகும். குறுகல் குறைந்த மாடிஃபைடு சோக்கே தாராளம், கிட்டத்தில் இறங்குகிற வாத்துக்கு இன்னும் அகலமான இம்ப்ரூவ்டு சிலிண்டர். இரட்டைக் குழல்காரர்கள் ஆளுக்கு இரண்டு சோக் போட்டுக்கொள்வார்கள், கொடுத்து வைத்தவர்கள்! நமக்கு ஒன்றுதான், முதல் வெடியின் தூரத்தை வைத்து முடிவெடுங்கள். அப்புறம், சோக் ட்யூபின் மரை உங்கள் குழலுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். பெரெட்டா என்ற ஒரே கம்பெனியிலேயே மொபில்சோக் வகை ட்யூப் ஆப்டிமா வகைக் குழலில் ஏறாது. வாங்கியதும் பெரிய காகிதத்தில் சுட்டு ஓட்டைகளை எண்ணிவிடுங்கள்.