தக்காளி பேசில் சூப்: அரியர் பிராக்டிகலில் தேறிய அனுபவம்

கடந்த வாரம் முடிவு வெளிவந்தது. சமையல் படிப்பின் கான்டினென்டல் (ஐரோப்பிய முறைச் சமையல்) பிராக்டிகலில் தேறிவிட்டேன். ஆறு மாதங்களுக்கு முன் எந்த சூப்பால் தவறினேனோ, அரியர் தேர்விலும் அதே சூப்தான் எனக்கு வந்தது. ஆகவே அது நினைவில் தெளிவாக இருக்கும்போதே, அடுத்த பருவத்தில் எழுதப் போகும் தம்பி தங்கைகளுக்காக இதைப் பதிவு செய்கிறேன். இன்டென்ட் (தேவையான பொருட்களின் பட்டியல்) எழுதுவது, சீருடை, மிசான் பிளாஸ் (சமைக்கும் முன் எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்தல்), மதிப்பெண் பிரிப்பு ஆகியவை உங்களுக்குத் தெரிந்தவையே. கிரீம் சேர்த்த இத்தாலிய முறைத் தக்காளி பேசில் சூப்பைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

முதல் முறை நான் செய்த சூப் நன்றாகவே வந்திருந்தது. ஒரு மணி நேரத்திற்குள் அதை முடித்து, கிரீமையும் கலந்து, ஒரு வேலை ஓய்ந்தது என்ற நிம்மதியுடன் ஓரமாக மூடி வைத்துவிட்டுக் கோழிக்குத் திரும்பினேன். வெளித்தேர்வாளர் என் மேசைக்கு வர மேலும் நாற்பது நிமிடங்கள் ஆயின. அவர் பக்கத்து மேசையில் நிற்பதைப் பார்த்ததும், ஆறிப்போன சூப்பை எடுத்துப் பெரிய தீயில் வைத்தேன். அது தளதளவென்று கொதித்தது. கிண்ணத்தில் ஊற்றியபோது சிவப்பு நீரும் வெண்மணிகளுமாகப் பிரிந்து நின்றது. அவர் கரண்டியைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ஏன் திரிந்தது என்று சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டார். தக்காளியின் புளிப்பால் என்றேன். "அப்படியானால் சமைத்து முடித்த உடனே ஏன் திரியவில்லை?" என்று அடுத்துக் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சூப்பில் போன மதிப்பெண்ணை விட அந்த மௌனத்தால் போன மதிப்பெண் அதிகம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அந்தப் பதிலை எனக்குச் சொல்லித் தந்தவர் என் அம்மா. விடுமுறையில் வீட்டு அடுப்பில் ஒரு மாதம் இந்த சூப்பையே திரும்பத் திரும்பச் செய்தேன். இரண்டாவது நாளும் திரிந்தபோது, அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "மோர்க்குழம்பை யாராவது இப்படிக் கொதிக்க விடுவாங்களா?" என்று கேட்டார். மோர்க்குழம்பை நாம் நுரை கட்டியதும் இறக்கிவிடுகிறோம். ஊறவைத்த அரிசியையும் துவரம்பருப்பையும் தேங்காயோடு சேர்த்து அரைத்து மோரில் கரைப்பதால் மோர் திரியாமல் நிற்கிறது. இந்த இரண்டும் சூப்புக்கும் அப்படியே பொருந்துகின்றன என்பதை அன்று மாலைதான் உணர்ந்தேன். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமானால், அந்த நுரை கட்டும் கணத்தை வையுங்கள்.

காரணம் இதுதான். பாலின் pH (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) ஏறத்தாழ 6.7 என்ற அளவில் இருக்கிறது. தக்காளியோ பொதுவாக 4.3 முதல் 4.9 வரை. பாலில் உள்ள கேசின் என்னும் புரதம் 4.6 அளவை நெருங்கும்போது ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். சூடு ஏற ஏற, அந்த அளவைத் தொடுவதற்கு முன்பே கட்டியாகத் தொடங்கும். கிரீமில் கொழுப்பு அதிகம், புரதம் குறைவு. ஆதலால் பாலை விட நன்றாகத் தாக்குப் பிடிக்கிறது. ஆனால் நம் கடைகளில் அட்டைப் பெட்டியில் கிடைக்கும் ஃப்ரெஷ் கிரீமில் பெரும்பாலும் 25 விழுக்காடு கொழுப்பே இருக்கிறது. 35 விழுக்காடும் அதற்கு மேலும் கொழுப்புள்ள கிரீமைப் போல அது கொதியைத் தாங்காது. என் சூப் முதலில் திரியாததற்குக் காரணம், நான் கிரீமைச் சேர்த்தபோது அது கொதிக்கவில்லை என்பதே. மறுபடி சூடேற்றியபோதுதான் புளிப்பும் கொதியும் ஒன்றாகத் தாக்கின. வெளித்தேர்வாளர் என்னிடம் எதிர்பார்த்த பதில் இவ்வளவுதான்.

எனவே என் விதி: தேர்வாளர் உங்கள் மேசைக்கு வரப் போகிறார் என்று தெரியும் வரை கிரீமைத் தொடாதீர்கள். கிரீம் சேர்க்காமல் அரைத்து வடிகட்டிய தக்காளி அடிச்சாறு ஒரு பாத்திரத்திலும், அறை வெப்பநிலைக்கு வந்த கிரீம் ஒரு கிண்ணத்திலும் தனித்தனியாகக் காத்திருக்கட்டும். முறை வந்ததும் அடிச்சாற்றைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, குமிழ்கள் முற்றிலும் அடங்கி ஆவி மட்டும் எழும் நிலைக்கு வரவிடுங்கள். வெப்பமானி இருந்தால் அது 80 பாகைக்குச் சற்றுக் கீழே காட்டும். பிறகு ஒரு கரண்டி சாற்றைக் கிரீமில் விட்டுக் கலக்குங்கள். இன்னும் இரண்டு கரண்டி விடுங்கள். சூடாகிவிட்ட அந்தக் கிரீமைப் பாத்திரத்தில் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். அதன் பின் அடுப்பைப் பற்றவைக்கவே கூடாது. சூப் ஆறிவிடுமே என்ற அச்சம் வரும். அதற்குப் பரிமாறும் கிண்ணத்தை வெந்நீரில் போட்டு வைத்தால் போதும். திறமையான நண்பர்கள் பலர் முன்கூட்டியே கிரீமைக் கலந்து, மிகச் சிறு தீயில் காத்துக்கொள்கிறார்கள். எனக்குப் பதற்றம் அதிகம்; ஒரே நேரத்தில் இரண்டு அடுப்பைக் கண்காணிக்க என்னால் முடியாது. என்னைப் போன்றவர்களுக்கு இந்த வழியே பாதுகாப்பானது.

சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் திரியாது என்று சீனியர்கள் சொல்வார்கள். உண்மைதான், திரியாது. ஆனால் அது புளிப்பை முறித்துவிடுவதால் தக்காளியின் உயிரே போய்விடுகிறது. நான்கு முறை செய்து பார்த்தும் எனக்கு அந்தச் சுவை பிடிக்கவில்லை. அதைவிட ரொட்டி மேலானது. ஓரம் நீக்கிய பழைய ரொட்டியை அடிச்சாற்றில் ஊறவைத்து அரைத்தால், மோர்க்குழம்பில் அரிசி செய்யும் வேலையை அதன் மாவுச்சத்து செய்கிறது. வழுவழுப்பும் கிடைப்பதால் கிரீமின் அளவைப் பாதியாகக் குறைக்கலாம். மைதாவும் வெண்ணெயும் சேர்த்த ரூவும் இதே பணியைச் செய்யும் என்றாலும், தாளில் இத்தாலிய முறை என்று இருக்கும்போது ரொட்டியைப் பயன்படுத்துவதற்கு நல்ல நியாயம் இருக்கிறது. டஸ்கனி வட்டாரத்தின் பாப்பா அல் பொமொடோரோ என்னும் தக்காளி சூப், பழைய ரொட்டி, தக்காளி, பூண்டு, பேசில், ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றால் ஆனது. அதில் கிரீம் கிடையாது. கிரீம் சேர்த்து வழுவழுப்பாக்கும் சூப்பை இத்தாலியர்கள் வெல்லுத்தாத்தா என்கிறார்கள். வெல்வெட் போன்றது என்று பொருள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இந்த வேறுபாட்டைச் சொன்னபோது தேர்வாளரின் முகம் மலர்ந்ததைக் கண்டேன்.

நான்கு பேருக்கு நான் எழுதிய இன்டென்ட்:

தக்காளி 1 கிலோ.
வெங்காயம் 120 கிராம், கேரட் 60 கிராம், செலரி 60 கிராம்.
பூண்டு 4 பல்.
ஆலிவ் எண்ணெய் 40 மில்லி.
ஓரம் நீக்கிய ரொட்டி 40 கிராம்.
காய்கறி ஸ்டாக் (காய்கறி வேகவைத்து வடித்த சாறு) 300 மில்லி.
ஃப்ரெஷ் கிரீம் 80 மில்லி.
பேசில் ஒரு சிறு கட்டு.
உப்பு, மிளகு, தேவைப்பட்டால் ஒரு சிட்டிகை சர்க்கரை.

தக்காளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இத்தாலியில் இதற்குப் பெயர் பெற்றது சான் மர்சானோ. வெசுவியஸ் எரிமலைக்கு அருகே சார்னோ, நொசேரா பகுதிகளில் விளையும் அந்த நீளமான தக்காளி, ஐரோப்பிய ஒன்றியத்தின் பிறப்பிடப் பாதுகாப்பை 1996இல் பெற்றது. சதை அதிகம், விதை குறைவு, புளிப்பு அளவானது. நம் சந்தையில் அதற்கு நேர் இணை கிடையாது. நாட்டுத் தக்காளியில் மணமும் புளிப்பும் மிகுதி, ஆனால் நீர்த்துப்போகும். பெங்களூர்த் தக்காளியில் சதை உண்டு, மணம் குறைவு. நன்கு பழுத்த பெங்களூர்த் தக்காளி மூன்று பங்கும் நாட்டுத் தக்காளி ஒரு பங்கும் கலந்தபோதுதான் எனக்கு நிறைவாக வந்தது. தேர்வில் கொடுப்பதைத்தான் எடுக்க வேண்டும் என்றாலும், கொடுத்தது எந்த வகை என்று பார்த்து ஸ்டாக்கைக் கூட்டவோ குறைக்கவோ இந்தப் பழக்கம் உதவியது.

தோலும் விதையும் நீக்கி நறுக்கிய தக்காளியைக் கான்காசே என்று படித்திருப்பீர்கள். அடியில் கூட்டல் குறி போலக் கீறி, கொதிநீரில் 10 முதல் 15 விநாடிகள் போட்டுப் பனிநீருக்கு மாற்றினால் தோல் கழன்றுவிடும். விதையை நீக்கும்போது அதைச் சுற்றியுள்ள கொழகொழப்பான பகுதியைக் கொட்டிவிடாதீர்கள். தக்காளியின் சுவைக்குக் காரணமான குளுட்டமேட் சதையை விட அங்கேதான் அதிகம். அதைச் சல்லடையில் தேய்த்து, சாற்றை மட்டும் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். விதை மட்டும் வேண்டாம். மிக்ஸியில் உடைந்தால் துணுக்குகள் வடிகட்டியைத் தாண்டி நாக்கில் நெருடும்.

வெங்காயம், கேரட், செலரியைச் சிறு தீயில், நிறம் மாறாமல், மூடி போட்டுப் பத்து நிமிடமாவது வதக்குங்கள். இத்தாலியர்கள் இதைச் சொஃப்ரித்தோ என்பார்கள். பூண்டு கடைசியில். தக்காளி சேர்த்த பின் அவசரப்பட வேண்டாம். ஓரங்களில் எண்ணெய் பிரியத் தொடங்கும் வரை வதங்க வேண்டும் என்பதை நம் வீட்டுச் சமையலறையில் வளர்ந்த எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதன் பிறகே ஸ்டாக்கும் ரொட்டியும். 15 நிமிடம் மெல்லக் கொதித்தால் போதும்.

அரைக்கும்போது கவனம். சூடான சூப்பை மிக்ஸியில் நிறைய ஊற்றி இறுக மூடினால் ஆவியின் அழுத்தத்தில் மூடி எகிறும். வீட்டில் என் கை வெந்து மூன்று நாள் பயிற்சி நின்றது. பாதி ஜாருக்கு மேல் வேண்டாம்; சற்று ஆறவிட்டு, மூடியைத் துணியால் பிடித்து, விட்டு விட்டு ஓட்டுங்கள்.

பேசில் இலையில் நான் இரண்டு தவறுகளைச் செய்திருக்கிறேன். முதலாவது, வீட்டுத் தொட்டியில் இருந்த திருநீற்றுப் பச்சிலையைப் பறித்துப் போட்டது. அதுவும் தாவரவியலில் பேசிலின் இனமே; சப்ஜா விதை தருவதும் அதுவே. ஆயினும் எங்கள் வீட்டுச் செடியில் சோம்பின் வாசனை தூக்கலாக இருந்ததால், சூப் வேறெதுவோ ஆகிவிட்டது. துளசி வேறு இனம். அதைப் போடவே கூடாது. இத்தாலியர்கள் விரும்பும் ஜெனோவா வகை, அகன்று குழிந்த இலையும் இனிய மணமும் உடையது. கடையில் கேட்கும்போது இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தே வாங்குங்கள். இரண்டாவது தவறு, தேர்வுக்கு முந்தைய இரவு அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தது. பேசில் குளிரைத் தாங்காது. காலையில் இலைகள் கறுத்திருந்தன. கொத்தமல்லியை வைப்பது போலக் காம்பு நனையும்படி ஒரு தம்ளர் நீரில் வெளியிலேயே வையுங்கள்.

இலையைக் கொதிக்கும் சூப்பில் போட்டாலும் பச்சை நிறம் நிற்காது. புளிப்பும் சூடும் சேர்ந்து அதைப் பழுப்பாக்கிவிடும். ஆகவே காம்புகளை மட்டும் நூலில் கட்டிச் சூப்பில் கொதிக்கவிட்டு, அரைப்பதற்கு முன் எடுத்துவிடுங்கள். மணம் அடிச்சாற்றில் இறங்கிவிடும். இலைகளைச் சுருட்டிக் கூரிய கத்தியால் மெல்லிய இழைகளாக அரிந்து, இரண்டு சொட்டு ஆலிவ் எண்ணெய் தடவி, கிண்ணத்தில் ஊற்றிய பிறகு மேலே வையுங்கள். மழுங்கிய கத்தி இலையை நசுக்கிக் கறுக்கவைக்கும்.

வைவாவில் என்னிடம் கேட்டவை: இது பியூரே சூப்பா, கிரீம் சூப்பா, வெலூத்தேயா? மிர்போவாவின் (வெங்காயம், கேரட், செலரிக் கலவையின்) விகிதம் என்ன? தக்காளி இத்தாலியின் சொந்தக் காயா? முதல் கேள்விக்கு, காய்கறியை அரைத்ததே அடர்த்தி தருவதால் அடிப்படையில் பியூரே, கிரீமால் முடிக்கப்பட்டது; முட்டை மஞ்சள்கரு சேர்ந்த லியேசோன் என்னும் கெட்டியாக்கும் கலவை இல்லாததால் வெலூத்தே ஆகாது என்றேன். இரண்டாவதற்கு 2:1:1. மூன்றாவதற்கு, அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்தது என்றும், நேப்பிள்ஸில் 1690களில் அச்சான ஒரு சமையல் நூலில் ஸ்பானிய முறைத் தக்காளிச் சாஸின் குறிப்பு உள்ளது என்றும் சொன்னேன். பிறகு, யாரும் கேட்காமலே, கிரீம் எப்போது ஏன் திரியும் என்பதையும் சொல்லிவிட்டேன். இந்த முறை வந்தவர் வேறொரு தேர்வாளர். ஆயினும் ஆறு மாதமாக மனத்தில் வைத்திருந்த அந்தப் பதிலைச் சொல்லாமல் அங்கிருந்து நகர என்னால் முடியவில்லை. அவர் முழுவதும் கேட்டார். கேட்டுக்கொண்டே இரண்டாவது கரண்டியை எடுத்துக் குடித்தார்.