ஒரு வரத்துக்காலும் ஆறு கிராம சபைகளும்

எங்கள் ஊராட்சியின் தீர்மானப் புத்தகங்களில் ஒரே வாக்கியம் ஐந்து முறை எழுதப்பட்டிருந்தது. "மேல ஊருணிக்கு வரும் வரத்துக்காலைச் சரிசெய்ய நடவடிக்கை எடுக்க வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது." தேதியும் மையின் நிறமும்தான் மாறியிருந்தன. (ஊருணி என்பது ஊர்க் குளம்; அதற்கு மழைநீரைக் கொண்டுவரும் வாய்க்கால்தான் வரத்துக்கால்.) அந்த ஐந்தில் இரண்டுக்குக் கீழே என் கையெழுத்து. 2020 ஜனவரியில் வார்டு உறுப்பினராகப் பொறுப்பேற்ற நான், என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்காமலே கையெழுத்திட்டிருக்கிறேன். 2023 குடியரசு நாள் கிராம சபையில் ஆறாவது முறையாக அதே வாக்கியத்தைச் செயலர் எழுதத் தொடங்கியபோதுதான் பழைய புத்தகங்களைக் கேட்டு வாங்கினேன். அந்த ஆண்டு முழுவதும் நடந்ததை, வேறு ஊர்களில் இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வைத்துத்தான் கோடையைத் தாண்ட வேண்டும். அதனால்தான் நகரத்தார் ஊர்களை அமைத்தபோது, வீட்டு முற்றத்து நீரும் தெரு நீரும் வடிந்து ஊருணியில் சேரும்படி வாட்டம் பார்த்துக் கட்டினார்கள். காட்டிலிருந்து வரும் நீருக்குத் தனியாக வரத்துக்கால். எங்கள் மேல ஊருணிக்குப் பதினொரு படிகள். நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கரையேற விடுவார்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாயில் வர ஆரம்பித்த பிறகு அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. குழாய்த் தண்ணீர் வரட்டும், நல்லதுதான். ஆனால் ஊருணி காய்ந்தால் வீட்டுக் கிணறுகளும் உவர்த்துப்போகின்றன என்பதை நாங்கள் நான்கு கோடைகளாகக் கண்ணால் பார்த்தோம்.

பிப்ரவரியில் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், ஊரின் நிலக் கணக்கான அ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்த்தேன். ஊருணியைப் பராமரிப்பது ஊராட்சி. நிலக் கணக்கு வருவாய்த் துறையிடம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வரத்துக்கால்கள் காணாமல் போகின்றன. பதிவேட்டில் மூன்று புல எண்களில் 'வாய்க்கால்' என்று தெளிவாக இருந்தது. நீளம் கூட்டிப் பார்த்தால் 1,180 மீட்டர். அகலம் வரைபடத்தில் நான்கு மீட்டர். தரையில் சில இடங்களில் ஒரு எட்டு வைத்துத் தாண்டிவிடலாம்.

வரைபடத்தை எடுத்துக்கொண்டு, ஐம்பது ஆண்டுகளாக அந்தக் காட்டில் ஆடு மேய்த்த கீதாரி ஒருவரோடு மேலிருந்து கீழாக நடந்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தாளில் கோடு எங்கே வளைகிறதோ அங்கே சரியாக நின்று, "தண்ணீர் இங்கேதான் திரும்பும்" என்றார். அவர் காட்டிய தடைகளை நோட்டில் எழுதினேன். முதலில் ஒரு தைலமரத் தோப்பின் குறுக்கு வரப்பு. பிறகு ஒன்றியச் சாலைக்கு அடியில் மண் அடைத்த குழாய்ப் பாலம். மூன்றாவதாக ஒரு மாட்டுக் கொட்டகை. நான்காவதாக, பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டுச் சுவர். நெடுகிலும் சீமைக்கருவேல். மூன்றாவதை எழுதும்போது என் கை கொஞ்சம் தயங்கியது. அந்தக் கொட்டகை என் சின்ன மாமனாருடையது.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபை. முன்பு ஆண்டுக்கு நான்காக இருந்த கூட்டங்கள் ஆறானபோது சேர்ந்த நாள்களில் இது ஒன்று. மற்றது நவம்பர் 1. எங்கள் ஊராட்சியின் மக்கள்தொகை மூவாயிரத்துக்குள். அதனால் குறைந்தது நூறு பேர் இருக்க வேண்டும். பதினொன்றரை மணிக்கு அறுபத்து மூன்று பேர்தான். நோட்டை வீடு வீடாக அனுப்பிக் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால் அந்தக் கையெழுத்துகளே நம்மைக் கவிழ்த்துவிடும். மகளிர் குழுவினர் இருவரோடு நான் வேலைத் தளத்துக்கே போய், நூறு நாள் வேலையில் இருந்த பெண்களிடம் உணவு இடைவேளையில் பேசினேன். நாற்பத்தெட்டுப் பேர் கைகழுவிவிட்டு அப்படியே வந்தார்கள்.

தீர்மானத்தை நான் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போயிருந்தேன். மூன்று புல எண்கள், நீளம், அகலம், நான்கு தடைகள், அளந்து கல் நடும்படி வட்டாட்சியரைக் கோருதல், அளந்த பிறகு நூறு நாள் வேலையில் தூர்வாருதல். கடைசியாக ஒரு வரி: இதன் முன்னேற்றம் ஒவ்வொரு கிராம சபையிலும் முதல் பொருளாக வாசிக்கப்பட வேண்டும். "இவ்வளவு நீளமாக எழுதும் வழக்கம் இல்லையே அக்கா" என்றார் செயலர். தலைவர் குறுக்கிட்டு, "எழுதுங்கள் தம்பி, பக்கம் நிறைய இருக்கிறது" என்றார். இந்த ஒரு தீர்மானம் அந்த வாசகத்தோடு பதிவாகியிருக்காவிட்டால் பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன். 'சரிசெய்ய வேண்டும்' என்று மட்டும் எழுதினால் எந்த அலுவலகத்துக்கும் அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஏப்ரலில் அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. மே 1 கூட்டத்தில் 'பதில் இல்லை' என்பதையே முதல் பொருளாக வாசித்தோம். அதோடு அந்தக் கூட்டம் முடிந்தது.

திருப்பம் ஜமாபந்தியில் வந்தது. வருவாய்த் துறைக் கணக்கில் 1432ஆம் பசலி ஆண்டுக்கான வருவாய்த் தீர்வாயம். கிராமக் கணக்குகள் அனைத்தும் மேசைக்கு வரும் நாள். பட்டா மாறுதலுக்கும் உதவித்தொகைக்கும் மட்டுமே மனுக் கொடுக்கும் இடம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பொது நீர்வழிக்கும் கொடுக்கலாம். தீர்மானத்தின் சான்றளித்த நகல், அ பதிவேட்டுப் பக்கம், புல வரைபடம், தடைக்கு ஒன்றாக நான்கு படங்கள். இவற்றை வரிசையாகக் கோத்து, மேலே ஒரு பக்கத்துக்கு மிகாத மனு. எங்கள் குறுவட்டத்துக்கு ஒதுக்கிய நாளில் கொடுத்தோம். எண் போட்ட ரசீது கிடைத்தது. அந்த எண்ணை வைத்துத்தான் பிறகு ஒவ்வொரு முறையும் கேட்க முடிந்தது.

ஆனி கடைசியில் நில அளவர் வந்தார். காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. அளக்கத் தொடங்க ஒரு பழைய எல்லைக்கல் வேண்டும். மூன்று புலங்கள் கூடும் இடத்தில் அது இருக்க வேண்டும் என்று வரைபடம் காட்டியது. அந்த இடத்தில் இருந்ததோ சின்ன மாமாவின் எருக்குவியல். எல்லோரும் கை வைக்கத் தயங்கினார்கள். மாமா ஒன்றும் பேசாமல் உள்ளே போய் மண்வெட்டி எடுத்து வந்து தாமே வெட்டத் தொடங்கினார். அரை ஆள் ஆழத்தில் ணங்கென்று சத்தம். எரு ஈரத்தில் கறுத்துப்போன கல். கையால் துடைத்ததும் தலையில் கொத்திய குறி தெரிந்தது. அவர் அந்தக் குறியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அங்கிருந்து நாடா பிடித்தார்கள். கொட்டகை இரண்டரை மீட்டருக்கு மேல் வரத்துக்காலுக்குள் இருந்தது.

எல்லோரும் போன பிறகு மாமா சொன்னார்: "ஆத்தா, நீ ஓட்டுக் கேட்டு வந்தபோது இந்தக் கொட்டகையில்தான் உட்கார்ந்து மோர் குடித்தாய்."

"ஆமாம் மாமா" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. அதன் பிறகு நாற்பது நாள்கள் அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. என் மாமியார் சாப்பாட்டைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். ஊராட்சி வேலையில் மிகக் கடினமானது எது என்று கேட்டால், அலுவலகத்துக்கு அலைவது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நாற்பது நாள்களைத்தான் சொல்வேன். அவர் பொல்லாதவர் இல்லை. அவருடைய அப்பா காலத்தில் வரத்துக்கால் ஏற்கெனவே தூர்ந்திருந்தது. வெற்று இடம் என்று நினைத்துத்தான் கொட்டகைக் கால் ஊன்றினார்கள்.

சுதந்திர நாள் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார். "என் கொட்டகையை மட்டும்தான் எழுதியிருக்கிறதா? பெரிய வீட்டுச் சுவரை எழுதத் துணிவு இல்லையா?" என்று கேட்டார். மண்டபம் அமைதியானது. நான் மார்ச் மாதத் தீர்மானத்தை எடுத்து, நான்கு தடைகளையும் அளவோடு உரக்கப் படித்தேன். நான்காவதாகச் சுவர் வந்தது. அவர் மெல்ல உட்கார்ந்தார். சிறிது நேரம் கழித்து, "மாடு சினையாக இருக்கிறது. ஆவணி முடியட்டும்" என்றார். தீர்மானத்தில் ஆவணி என்றே எழுதினோம். தனியார் கட்டுமானத்தைப் பிரிக்க நூறு நாள் வேலை ஆட்களை விட முடியாது. ஊர் இளைஞர்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை தகரத்தை இறக்கி, கால்களைப் பிடுங்கி, கிழக்கே தள்ளி நட்டுக் கொடுத்தார்கள். தைலமரத் தோப்புக்காரர் தம் வரப்பைத் தாமே மூன்று இடங்களில் வெட்டிவிட்டார். கேட்டதும் செய்தார்; நாங்கள்தான் இத்தனை ஆண்டுகள் கேட்காமலே இருந்திருக்கிறோம்.

தூர்வாரும் வேலை ஆவணி, புரட்டாசியில் நடந்தது. அந்த நிதியாண்டில் அறிவித்திருந்த கூலி நாளுக்கு 294 ரூபாய். ஆனால் அது வெட்டிய மண்ணின் அளவைப் பொறுத்தது. எங்கள் பக்கத்துச் செம்மண் காய்ந்தால் கல்லாகிவிடும், மண்வெட்டி தெறிக்கும். முதல் வாரம் பெண்களுக்குக் கூலி குறைந்தது. கடின மண்ணுக்கு அளவு வேறு. அதை அளவு எடுக்க வருபவரிடம் கேட்டுப் பதிய வைத்த பிறகுதான் சரியானது. இதை யாரும் தாமாக வந்து சொல்ல மாட்டார்கள். வருகைப் பதிவுக்குச் செயலியில் இரு வேளையும் படம் ஏற்ற வேண்டியிருந்தது. பணித்தளப் பொறுப்பாளராக இருந்த பெண் சிக்னலுக்காகத் தினமும் மேட்டுக்கு ஏறி இறங்கினாள்.

ஊருணிக்கு அறுபது மீட்டர் முன்னால் மண்வெட்டிகள் வேறு மாதிரி ஒலித்தன. இரு கரையிலும் செம்பராங்கல் கட்டு. சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்திருந்தாலும் கல் ஒன்றுகூட நகரவில்லை. மடை வாயில் தண்ணீரின் வேகத்தைத் தணித்து மண்ணை நிறுத்தும் ஒரு சிறு தொட்டியும் இருந்தது. எழுபது வயதுக்காரர்கள்கூட அதைப் பார்த்ததில்லை. பெண்கள் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையாலேயே மண்ணை அள்ளினார்கள்.

அக்டோபர் 2 கூட்டத்தில் அடுத்த ஆண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தைப் பேசினோம். குழாய்ப் பாலத்தை அகலப்படுத்தும் வேலையை அதில் சேர்த்தோம். சாலை ஒன்றியத்துடையது என்பதால் ஊராட்சி தானாகக் கை வைக்க முடியாது. அதற்குத் தனிக் கடிதம். இடைக்காலமாகக் குழாயில் அடைத்த மண்ணை மட்டும் எடுத்தோம்.

ஐப்பசி இரண்டாம் வாரம் இரவு பத்து மணிக்கு மழை பிடித்தது. பன்னிரண்டுக்கு டார்ச் விளக்கோடு போனேன். எனக்கு முன்பே ஏழெட்டுப் பேர் குடையோடு கரையில் நின்றார்கள். முதலில் சருகு வந்தது. அப்புறம் நுரை. அதன் பின்னால் குங்குமம் கரைத்தது போலத் தண்ணீர், தொட்டியில் ஒரு சுற்றுச் சுற்றி, மடை வழியாக ஊருணிக்குள் விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஓர் அப்பத்தா குலவை போட்டார். பின்னாலிருந்து யாரோ என் தலைக்கு மேல் குடையைப் பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். சின்ன மாமா. இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

எல்லாம் சரியாகிவிடவில்லை. அதே மழையில் குழாய்ப் பாலம் மறுபடி அடைத்துக்கொண்டு ஒருவரின் நாற்றங்காலில் தண்ணீர் ஏறியது. நவம்பர் 1 கூட்டத்தில் முதலில் அவருடைய முறையீட்டைத்தான் கேட்டோம். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. பின்கட்டுச் சுவருக்கு 1905ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டத்தின் ஏழாம் பிரிவில் அறிவிப்புப் போனது. வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர் தம் தரப்பில் மறுஅளவை கேட்டிருக்கிறார். அது கேட்க அவருக்கு உரிமை உண்டு. அதுவரை அந்த இடத்தில் கால் ஒன்றரை மீட்டர் அகலத்தில்தான் ஓடுகிறது.

2024 குடியரசு நாள் கூட்டத்தன்று ஊருணியில் ஏழு படிகள் தண்ணீருக்குள் இருந்தன. வரத்துக்கால் பற்றிய பொருளை வாசித்து முடித்ததும் சின்ன மாமா எழுந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார். தெற்கே இருக்கும் சின்ன ஊருணிக்கு வரும் காலின் புல எண், நீளம், அகலம், அடைப்பு இருக்கும் இரண்டு இடங்கள். பேத்தியை விட்டு எழுத வைத்திருந்தார். "இதையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். செயலர் தாளை வாங்கி, எண்களை ஒருமுறை உரக்கப் படித்துச் சரிபார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார்.